கணுக்கால் பிசகினால் என்ன செய்வது: மைதானத்திலிருந்து மறுபடி மைதானம் வரை

வாலிபால் ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். வலைக்குப் பக்கத்தில் எகிறி அடித்துவிட்டு இறங்கும்போது எதிரணிக்காரரின் கால் நடுக்கோட்டைத் தாண்டி வந்திருக்கும், அதன் மேல் நம் பாதம் விழும், பாதம் உள்பக்கமாக மடங்கும். அஞ்சு நிமிஷத்தில் வெளிக் கணுக்கால் எலும்புக்கு முன்னால் கோழிமுட்டை மாதிரி ஒரு வீக்கம் கிளம்பிவிடும். எனக்கு வலது காலில் மூன்று முறை இப்படி ஆகியிருக்கிறது. முதல் இரண்டு முறை வீக்கம் வடிந்ததும் ஆடப் போய்விட்டேன். மூன்றாவது முறைதான் முழுசாகச் சரி செய்தேன், அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, யாரையும் காலை இழுக்க விடாதீர்கள். மைதானத்தில் கட்டாயம் ஒருவர் "ஒரு இழு இழுத்தா சரியாயிடும்" என்று வருவார், வீட்டுக்குப் போனால் சுளுக்கு வழிக்க எண்ணெயோடு ஒரு பாட்டி காத்திருப்பார். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே ஜவ்வு கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இழுப்பதும் உருவுவதும் கிழிசலைப் பெரிதாக்கும், எலும்பு விரிசல் விட்டிருந்தால் விலகவும் வைத்துவிடும். ஷூ லேஸை முழுக்கத் தளர்த்திக் கழற்றுங்கள். பெண்களாக இருந்தால் கொலுசு, மெட்டி எல்லாம் உடனே வெளியே வரட்டும், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த கேள்வி, எக்ஸ்ரே வேண்டுமா? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஒரு எளிய சோதனை இருக்கிறது, இன்றும் உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியிலும், அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரை பின் விளிம்பிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாக விரலை ஓட்டினால் பாதி வழியில் ஒரு மேடு தட்டுப்படும், அங்கேயும், உள்பக்கம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் எலும்பிலும் அழுத்திப் பாருங்கள். இவற்றில் எங்கே அழுத்தினாலும் எலும்பே வலித்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அடிபட்ட உடனேயும் சரி, அப்புறமும் சரி, நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் அப்படித்தான். நொண்டி நொண்டி நாலு அடி வைத்தாலும் அது நடந்த கணக்கில்தான் சேரும். இது எதுவும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். கால் கோணியிருந்தாலோ, விரல்கள் மரத்துச் சில்லிட்டிருந்தாலோ சோதனையே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

முதல் இரண்டு மூன்று நாள் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிஷம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்கலாம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நாலையும் 1978-இல் சொல்லிப் பிரபலமாக்கிய கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவரே பின்னாளில் ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். அதனால் வலி குறைய எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும். கிரேப் பேண்டேஜை விரல் அடியிலிருந்து மேலே, எட்டு வடிவத்தில் சுற்றுங்கள், கீழே சற்று இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். தூங்கும்போது கழற்றிவிட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். இந்த நாட்களில் வெந்நீர் ஒத்தடம், தைலம், மசாஜ் மூன்றும் வேண்டாம்.

அதற்காக ஒரு வாரம் கட்டிலிலேயே கிடக்கவும் கூடாது. தாங்குகிற அளவுக்கு, தேவைப்பட்டால் ஊன்றுகோலோடு, காலை ஊன்றி நடங்கள். ஜவ்வு முழுசாக அறுந்திருந்தால் மருத்துவர் சில நாள் மாவுக் கட்டோ பூட்ஸோ போடுவார், அது வேறு. மூன்றாம் நாளிலிருந்து உட்கார்ந்தபடி கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். நம் எழுத்துகளின் சுழிகளில் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும். வலி குறைந்ததும் பழைய சைக்கிள் டியூபைக் கட்டில் காலில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கமாக இழுத்துப் பழகுங்கள், பாதம் உள்ளே மடங்காமல் தடுக்கிற தசை அதுதான்.

இனி சொல்லப்போவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நானும் இரண்டு முறை விட்டேன். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் ஜவ்வில் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அவையும் கெட்டுப்போவதால் செய்தி தாமதமாகப் போகிறது, கால் சற்றுச் சாய்ந்து இறங்கினாலும் நமக்கு உறைப்பதில்லை, மறுபடி மடங்குகிறது. ஒற்றைக்காலில் நிற்பதுதான் இதற்கு மருந்து. பல் தேய்க்கும்போது 30 விநாடி நில்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடி, அப்புறம் மடித்த தலையணை மேல், பிறகு நண்பர் பந்து போடப் போட அதைப் பிடித்தபடி. கூடவே படி விளிம்பில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவையாக மூன்று சுற்று. ஆறு வாரமாவது தினமும் செய்யுங்கள்.

லேசான பிசகு ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும், பாதி கிழிந்தது மூன்று முதல் ஆறு வாரம் கேட்கும். ஆனால் தேதி பார்த்து ஆட இறங்காதீர்கள். வலியில்லாமல் நேராக ஓடி, எட்டு போட்டு ஓடி, அடிபட்ட காலில் நல்ல காலுக்கு இணையாகத் தத்த முடிந்தால் இறங்கலாம். முதல் ஆறு மாதம் ஆடும்போது லேஸ் வைத்த கணுக்கால் பிரேஸ் போட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்து ஆறு வாரம் கழிந்தும் வலித்தாலோ, சமதரையிலேயே கால் நழுவுகிற மாதிரி இருந்தாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வும் குருத்தெலும்பும் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே எலும்பு மூட்டுப் பிரிவும் பிசியோதெரபியும் இருக்கின்றன.

வளர்கிற பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு ஜவ்வைவிடப் பலவீனமானது, நாம் சுளுக்கு என்று நினைப்பது அதில் பட்ட அடியாக இருக்கலாம். வெளிக் கணுக்கால் எலும்பைத் தொட்டால் பிள்ளை துடிக்கிறது என்றால், நாலு அடி நடந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.