கால் இழந்தபின் துடுப்புப் போட்டிக்கு வருகிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

மதுரை வண்டியூர்க் கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கால் இழந்த இளைஞர்கள் சிலர் துடுப்பு பழக வருகிறார்கள். குவாலியரின் துடுப்பு வீராங்கனை பிராச்சி யாதவ் 2023 ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் கயாக் படகோட்டித் தங்கம் வென்ற காணொளிதான் பலரையும் இழுத்து வருகிறது. நல்லது. மிதவை உடுப்பு, நீச்சல் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது வீட்டிலேயே சொல்வார்கள்.

வெட்டுப்பட்ட நுனியால் உதைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். இருபக்கமும் மாறி மாறித் துடுப்புப் போடும் கயாக் படகின் வேகம் தோளில் மட்டும் இல்லை. வலப்பக்கம் துடுப்பை இழுக்கும்போது வலக்கால் படகின் கால்பலகையை உதைக்கும், இடுப்பு திரும்பும், அந்த விசை துடுப்புக்குப் போகும். முழங்காலுக்குக் கீழே கால் இல்லையென்றால் அந்த உதை போய்விடுகிறது. உடனே ஒரு மரக்கட்டையைச் செருகி, நுனியை அதில் ஊன்றிவிடுகிறார்கள். அந்த நுனி பாரம் தாங்குகிற இடமா? செயற்கைக் கால் செய்பவர்கள்கூடப் பாரத்தை முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநார் போன்ற இடங்களின் மேல்தானே ஏற்றுகிறார்கள்!

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் இப்படித்தான் ஓட்டினான். நுனியில் போட்டிருந்த சிலிக்கோன் உறையைக் கழற்றச் சொன்னேன். தோல் ஊறி வெளுத்திருந்தது. தழும்பின் ஓரத்தில் காசளவு உரிந்திருந்தது.

“வலிக்கவில்லையா தம்பி?”

“ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன் அண்ணே.”

நானும் செபமாலை சொல்லாமல் படகில் ஏறுகிறவன் அல்ல. ஆனால் புண்ணை ஒப்புக்கொடுக்கச் சொல்லி எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்ததாக நினைவில்லை. புண் ஆறும்வரை செயற்கைக் காலை மாட்ட முடியாமல் அவன் கடை வேலையை விட்டான். ஆறியபோது கண்மாயில் சேறுதான் இருந்தது.

செயற்கைக் கால் செய்பவரிடம் படகின் இருக்கையையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே அணைத்துத் தாங்கும் கிண்ணம் செய்து தருவார். படகு கனமான கால் பக்கம் சாயும்; உடலை வளைத்துச் சமாளிக்காமல் இருக்கையைச் சற்று நகர்த்துங்கள். கரையேறியதும் தோலைத் துடைத்துப் பாருங்கள். 10 நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் மறுநாள் படகு வேண்டாம்.

பட்டையை முடிச்சுப் போடுவது

உடலைப் படகோடு பிணைக்கும் பட்டை, படகு கவிழ்ந்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அவிழாதென்றால் கட்டாதீர்கள்.

தண்ணீரில்லாத ஒருசந்தி

தவக்காலம் வந்துவிட்டால் வெள்ளிதோறும் வாய் நனைக்காமல் பயிற்சிக்கு வருகிறார்கள். மதுரையின் பங்குனி வெயிலில்! 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களிடம் கத்தோலிக்கத் திருச்சபை கட்டாயமாகக் கேட்கும் ஒருசந்தி நோன்பு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. அன்றும் தண்ணீருக்குத் தடையில்லை.

ஆகாயத்தாமரை

கயாக்கின் சுக்கானில் சுற்றிக்கொள்ளும். விலகி ஓட்டுங்கள்.

சதவீதச் சான்றை நம்பிப் பெயர் கொடுப்பது

போட்டியில் உடல்நிலையைப் பொறுத்து வகை பிரிப்பார்கள்: கயாக்கில் கே.எல். 1, 2, 3; பக்கமிதவை உள்ள வாஆ படகில் வி.எல். 1, 2, 3. உடல் அசைவு அதிகமுள்ளவர்களுக்குப் பெரிய எண். தூரம் எல்லாருக்கும் 200 மீட்டர்தான். மாற்றுத்திறனாளி அட்டையிலுள்ள சதவீதம் இந்த எண்ணைத் தீர்மானிக்காது. மேசையில் படுக்கவைத்தும் படகில் ஓட்டவைத்தும் பார்த்தபின்தான் வகை சொல்வார்கள். அதற்கு முன்பே ‘நான் இரண்டாம் வகை’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.