போக்குவரத்துத் துறைக்கு மனு எழுதுமுன்: எந்தக் கோரிக்கை எந்த அலுவலகத்துக்கு உரியது

சாலையில் வண்டிகள் நெரிந்து நிற்பதையும் பேருந்து ஓடுவதையும் ஓட்டுநர் உரிமம் வழங்குவதையும் தமிழில் ‘போக்குவரத்து’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். மனுக்கள் வழிதவறிப் போவதற்கு இந்தச் சொல்லே பாதிக் காரணம் என்பது என் அனுபவம். எங்கள் ஊருக்கு மாலை நேரத்தில் ஒரு நடை கூடுதலாகப் பேருந்து விட வேண்டும் என்று ஊரார் அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி, அதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தேன். அது ‘எங்கள் அலுவலகத்தைச் சார்ந்ததன்று’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வந்த பிறகுதான் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் அமைப்பைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தேன்.

இத்துறைக்குள் மூன்று தனித்தனி அமைப்புகள் இயங்குகின்றன. தலைமைச் செயலகத்தில் உள்ள துறை கொள்கையை வகுக்கிறது. ஆணையரகம் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. போக்குவரத்துக் கழகங்கள் பேருந்துகளை இயக்குகின்றன. ஒவ்வொன்றும் தன் அதிகாரத்தை வெவ்வேறு சட்டத்திலிருந்து பெறுகிறது. ஆகவே ஓர் அதிகாரியின் பதவிப் பெயரைப் பார்த்து மயங்காமல், ‘நான் கேட்பதைச் செய்ய இவருக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது?’ என்று முதலில் கேட்டுக்கொண்டால், மனுவின் முகவரி பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

செயலகத்திலிருந்து தொடங்குவோம். அங்கே அரசியல் பொறுப்பு போக்குவரத்துத் துறை அமைச்சருடையது. நிர்வாகப் பொறுப்பு இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த அரசுச் செயலாளருடையது. கூடுதல் தலைமைச் செயலாளர், முதன்மைச் செயலாளர் என்று அவரவர் பணிமூப்புக்கு ஏற்பப் பதவிப் பெயர் மாறினாலும் இருக்கை ஒன்றுதான். அரசமைப்புச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்கீழ் வகுக்கப்பட்ட அலுவல் விதிகளின்படி, அரசின் முடிவுகள் இந்தச் செயலாளரின் வழியாக அரசாணையாக வெளிவருகின்றன. பேருந்துக் கட்டணம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2018 ஜனவரி 20 முதல் கட்டணம் உயர்ந்ததும், எதிர்ப்புக்குப் பிறகு அதே மாத இறுதியில் சற்றே குறைந்ததும் அரசின் முடிவுகள். நடத்துநரோ பணிமனை மேலாளரோ கழகத்தின் மேலாண் இயக்குநரோ தாமாக ஒரு ரூபாயைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021 மே மாதத்தில் வந்த முடிவும் அத்தகையதே. அதனால் கழகங்களுக்குக் குறையும் வருவாயை அரசு மானியமாக ஈடுசெய்கிறது. எனவே கட்டணம், சலுகை, புதிய திட்டம் ஆகியவை பற்றிய கோரிக்கைகளை அமைச்சருக்கும் செயலாளருக்கும், முடிந்தால் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும், எழுதுவதே முறை. ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது பேரவையில் வைக்கப்படும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை அதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். துறை என்ன வாக்களித்தது, எவ்வளவு ஒதுக்கியது என்பது அதில் இருக்கும். அதை மேற்கோள் காட்டி எழுதும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

இரண்டாவது அமைப்பு போக்குவரத்து ஆணையரகம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 1989-ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள், 1974-ஆம் ஆண்டு தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் ஆகிய மூன்றுமே இதன் அடித்தளம். தலைமையில் போக்குவரத்து ஆணையர். அவருக்குக் கீழே இணை, துணை ஆணையர்கள். களத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். அவருடன் மோட்டார் வாகன ஆய்வாளர்கள், மக்கள் வாயில் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே வழங்குபவர்கள். உரிமம், வாகனப் பதிவு, தகுதிச் சான்று, சாலை வரி, வாகனத் தணிக்கை எல்லாம் இவர்கள் கையில். அரசுப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இந்த ஆணையரகத்திடமிருந்தே வர வேண்டும் என்பதை நினைவில் கொண்டால், பேருந்தை ஓட்டுபவரும் பேருந்தைச் சோதிப்பவரும் ஒரே அமைச்சரின் கீழ் இருந்தாலும் வேறுவேறு அமைப்பினர் என்பது விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வருவாய்க் கோட்டாட்சியரையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும் பேச்சுவழக்கில் ‘ஆர்.டி.ஓ.’ என்றே சொல்கிறோம். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் எழுத்தும் ஒன்றாகிவிடுவதால், உறையின் மேல் முழுப் பதவிப் பெயரை எழுதுங்கள்.

தனியார் பேருந்து குறித்த புகார்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது அமைப்புக்கு உரியவை. வழித்தட அனுமதியை வழங்குவது மோட்டார் வாகனச் சட்டம் ஏற்படுத்திய வட்டாரப் போக்குவரத்து ஆணையம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர் செலுத்துகிறார். கடைசி நடையை அடிக்கடி நிறுத்திவிடுவது, குறித்த கட்டணத்துக்கு மேல் வாங்குவது, ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிடுவது ஆகியவை அனுமதி நிபந்தனைகளை மீறும் செயல்கள். அதற்காக அனுமதியை இடைநிறுத்தவும் ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. பேருந்தின் பதிவெண், தேதி, நேரம், இறங்கிய இடம் ஆகியவற்றோடு ஆட்சியருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் எழுதினால் அவர்களால் செயல்பட முடியும்.

மூன்றாவதான கழகங்களின் அமைப்புதான் பலருக்கும் புரியாமல் இருக்கிறது. 1972-இல் பேருந்துகளை அரசுடைமையாக்கத் தொடங்கியபோது பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் கழகங்கள் தோன்றின. 1997-இல் தென்மாவட்டங்களில் ஒரு கழகத்துக்குச் சூட்டிய பெயரையொட்டிக் கலவரம் மூண்டதும், எல்லாக் கழகங்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. பிற்பாடு அவை ஒன்றிணைக்கப்பட்டு இன்று எட்டாக உள்ளன: சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம், நெடுந்தொலைவுக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், மற்ற ஊர்களுக்கு விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி ஆகியவற்றைத் தலைமையிடமாகக் கொண்ட ஆறு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். எட்டும் சேர்ந்து ஏறத்தாழ 20,000 பேருந்துகளை வைத்திருக்கின்றன. கர்நாடகம், கேரளம் போன்ற மாநிலங்களில் 1950-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின்கீழ் கழகங்கள் இயங்குகின்றன. இங்கோ அவை நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான, அரசே முழுப் பங்குதாரராக இருக்கும் நிறுவனங்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி மேலாண் இயக்குநரும் தனி இயக்குநர் குழுவும் உண்டு. அந்தக் குழுக்களுக்குப் போக்குவரத்துத் துறைச் செயலாளரே தலைவராக இருப்பதால், எட்டு நிறுவனங்களையும் அரசின் கொள்கையோடு பிணைக்கும் கயிறு அவர் கையில் இருக்கிறது.

கழகத்துக்குள் ஏணி இப்படி: தலைமையகத்தில் மேலாண் இயக்குநர், மண்டலத்தில் பொது மேலாளர், பணிமனையில் கிளை மேலாளர். நேரம் தவறுவது, நிறுத்தத்தில் நிற்காமல் போவது, ஒரு நடை விடுபடுவது போன்றவை கிளை மேலாளர் அளவிலேயே தீரக்கூடியவை. புதிய தடம், கூடுதல் நடை, நேர மாற்றம் ஆகியவற்றைப் பொது மேலாளருக்கு எழுத வேண்டும். எங்கள் ஊர் மனு போயிருக்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் மண்டலம் எந்தக் கழகத்தைச் சேர்ந்தது என்று வரைபடத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். காரைக்குடி மதுரைக்கு அருகில் இருந்தாலும் அதன் மண்டலம் கும்பகோணம் கழகத்தைச் சேர்ந்தது. பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் கழகத்தின் பெயரைப் படித்துக்கொள்வது நல்லது.

பெயரில் போக்குவரத்து இருந்தும் இத்துறையின் கீழ் வராதவை சில உண்டு. போக்குவரத்துக் காவல் உள்துறையின் கீழ் உள்ளது. மாநிலச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கும், ரயில்வே ஒன்றிய அரசுக்கும் உரியவை. பேருந்து நிலையத்தின் கழிப்பறையும் குடிநீரும் பெரும்பாலான ஊர்களில் நகராட்சியின் அல்லது மாநகராட்சியின் பொறுப்பு. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அங்கிருந்து பேருந்துகளை இயக்குவது கழகங்கள். அந்த முனையத்தில் மின்விளக்கு எரியாததற்கும் பேருந்து வராததற்கும் இருவேறு அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் முகவரி தெளிவாகாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 துணைக்கு வரும். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அமைப்பு, அலுவலர்களின் அதிகாரம், கடமைகள், முடிவெடுக்கும் முறை ஆகியவற்றைத் தானே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4(1)(ஆ) பிரிவு. அந்த வெளியீட்டை முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘இன்ன தடத்தில் நடைகளைக் கூட்ட முடிவெடுக்கும் அதிகாரம் எந்தப் பதவியில் உள்ளவருக்கு உள்ளது, அதற்கான ஆணை எண் என்ன’ என்று பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு கட்டாயப்படுத்துகிறது. சாதாரண மனுவுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 30 நாட்களில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். முதல் விண்ணப்பத்தின் நகலையும் அஞ்சல் ஒப்புகையையும் அதனோடு இணைக்க மறவாதீர்கள்.