நாயி திருட்டு முழி முழிச்சா தப்ப ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல

போன வாரம் தங்கச்சிமடத்துல ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன், குட்டி வாங்கி நாலு மாசம்தான் ஆகுது, "அண்ணே பாருங்க, செருப்பக் கடிச்சுப்புட்டு எப்புடி முழிக்குதுன்னு, பண்ணுன தப்பு அதுக்கே தெரியுது"ன்னு பிஞ்ச செருப்ப அது மூஞ்சில காட்டிக் காட்டி வையிறாரு. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி நான் நின்ன அதே நெல. சாக்லேட் குடுக்காத, ஊசி போடு, இதெல்லாம் தெரிஞ்சதுதான், விட்டுர்றேன்.

அந்தத் திருட்டு முழி

அப்ப எங்கிட்ட ஒரு நாட்டு நாயி, பேரு செவல. மண்டபத்துல எங்க வீட்டுக் கொல்லையில வலைய விரிச்சு அம்மா சூடை மீனக் காயப் போட்டிருந்துச்சு. சாயங்காலம் வந்து பாத்தா பாதி இல்ல, வலை ஒரு பக்கம் சுருண்டு கெடக்கு, மணல் பூராம் மீன்தலை. செவல காத மடக்கி, வால கவட்டைக்குள்ள விட்டு, ஒதட்ட நக்கிக்கிட்டு ஓரக்கண்ணால பாக்குது. இதுக்கு மேல சாட்சி எதுக்குன்னு பனமட்டையால ரெண்டு வச்சேன். மறுநாளும் மீன் போச்சு, அடியும் விழுந்துச்சு. மூணாம் நாள் மத்தியானம் அம்மா பாத்தா, ரெண்டு பூனையும் காக்காக் கூட்டமும் தின்னுக்கிட்டு இருக்கு, செவல வேப்பமரத்தடியில தூங்குது.

நியூயார்க் பர்னார்ட் காலேஜ்ல அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ்னு ஒரு அம்மா 14 நாய வச்சு இதையே சோதிச்சு 2009ல எழுதுனாங்க. திங்காதன்னு சொல்லிட்டு ஓனர் வெளிய போவாரு, நாயி தின்னுச்சா இல்லையான்னு அவருகிட்ட சில தடவ மாத்திச் சொல்வாங்க. தின்ன நாயா திங்காத நாயாங்கிறதுக்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்ல, வஞ்சா முழிக்குது. திங்காம வசவு வாங்குன நாயிதான் இன்னும் கூட முழிச்சுச்சு. அது குத்தத்த ஒத்துக்கிறது இல்லைங்க, 'வம்பு வேணாம், விட்டுரு'ங்கிறது. அது படிக்கிறது ஒங்க மூஞ்சிய, கைய, பைக் ஸ்டாண்டப் போடுற வேகத்த.

காலைல நடந்ததுக்கு சாயங்காலம் அடிச்சா நாயி அந்த மீனோட சேத்துப் பாக்காது, எதுத்தாப்புல நிக்கிற ஆளோடதான் சேத்துக்கும். செவல கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, என் குரல் வந்தா அடி வரும். ஆறு மாசங் கழிச்சு ராமேஸ்வரம் ரோட்டு ஓரத்துல நிக்குது, மீன் வண்டி ஒண்ணு வேகமா வருது, "செவல, இங்கிட்டு வா"ன்னு கத்துனேன், என் சத்தங் கேட்டதும் அது பயந்து பின்னால ரோட்டுக்குள்ள போச்சு. பின்னங்கால் ஒண்ணு போயிருச்சு. மூணு காலோட எட்டு வருசம் எங்க வீட்லதான் இருந்துச்சு. பூனை தின்ன மீனுக்கு. இன்னிக்கும் எவனாச்சும் பிஞ்ச செருப்பத் தூக்கி நாயி மூஞ்சில காட்டுனா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"பேசுறது எல்லாம் புரியுதுண்ணே"

கொஞ்சம் புரியுது. புடாபெஸ்ட்ல 13 நாய ஸ்கேன் மெஷினுக்குள்ள அசையாம படுக்கப் பழக்கி 2016ல பாத்தாங்க, பாராட்டுற வார்த்தையும் பாராட்டுற தொனியும் சேந்து வந்தாத்தான் மூளையில சந்தோசத்துக்கான எடம் வேல செய்யுது. பல்லக் கடிச்சுக்கிட்டு "செல்லம்"னா செல்லாது. சேஸர்னு ஒரு நாயி 1,022 பொம்மைக்குப் பேரு கத்துக்கிச்சே, அதுக்கு ஜான் பில்லிங்கிறவரு மூணு வருசம் தெனம் நாலஞ்சு மணி நேரம் ஒக்காந்தாரு. நீங்க ரீல்ஸ் பாத்துக்கிட்டே 'சிட்'டுங்கிறீங்க.

நாளுக்கொரு பேரு

ஒரே நாயிய நாளுக்கொரு பேரு சொல்லிக் கூப்புட வேணாம்.

வீட்லயே டெஸ்ட் வைக்கிறது

அக்கா மகன் ரெண்டு செரட்டையக் கவுத்தி ஒண்ணுக்குள்ள கருவாட்ட வச்சு, கையக் காட்டுனா நாயி சரியா எடுக்குதுன்னு குதிச்சான். அடேய், மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. ரெண்டுலயும் கருவாட்டத் தேய்டான்னேன். தேச்சான், கையக் காட்டாம சும்மா நின்னான், அப்பவும் சரியா எடுக்குது. வீடியோவப் போட்டுப் பாத்தா பய கண்ணு மீன் இருக்க செரட்டைய விட்டு நகரவே இல்ல. பெர்லின்ல ஒரு குதிரை காலத் தட்டி விடை சொல்லிக் கணக்குப் போடுதுன்னு ஊரே நம்புனப்ப, கேக்குறவரு தலை லேசா அசையிறதப் பாத்துத்தான் அது காலத் தட்டுறத நிறுத்துதுன்னு 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடிச்சாரு, அதே கததான்.

தெருநாய்க்குக் கை காட்டுறது புரியாதுன்னும் நெனைக்காதீங்க. கொல்கத்தா பக்கத்துல ஐசர்ங்கிற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்துல அனிந்திதா பத்ரா குழு 160 தெருநாய்கள வச்சு 2020ல போட்ட ஆய்வுல, கிட்ட வந்த நாய்கள்ல 80 சதவீதம் பக்கம் கை காட்டுன கிண்ணத்துக்கே போச்சு. பாதி நாயி பயத்துல கிட்டவே வரல.

வாலாட்டுனா பாசம்

தொண்டியில என்னையக் கடிச்ச நாயி வாலாட்டிக்கிட்டேதான் கடிச்சுச்சு.