மலையகத்தில் தொடர்மாடி வீடு வாங்குமுன்: பொது இடத்தைப் பிரித்து விலையைக் கணக்கிடுவது எப்படி?

கண்டியிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ தொடர்மாடி வீடு பார்க்கப் போனால், தரகர் முதலில் சொல்வது சதுர அடி விலையைத்தான். அந்த எண்ணை நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சதுர அடியில் உங்கள் வாசற்கதவுக்கு உள்ளே எவ்வளவு, படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் மின்தூக்கிக்கும் போனது எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

படி 1: எந்த அளவு என்று கேளுங்கள்

சுவருக்குச் சுவர், பாய் விரிக்கக்கூடிய தரை கார்ப்பெட் பரப்பு. சுவர்த் தடிப்பும் பல்கனியும் சேர்ந்தால் கட்டப்பட்ட பரப்பு. பொது இடத்தில் உங்கள் பங்கையும் ஏற்றிச் சொல்வது சூப்பர் பில்ட்-அப். இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் கார்ப்பெட் பரப்பைத் தெரிவித்தே விற்கச் சொல்கிறது. இங்கே நீங்களே வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படி 2: நாடா பிடித்து அளந்து பாருங்கள்

ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் பெருக்கிக் கூட்டுங்கள். மூலைகளில் பிதுங்கி நிற்கும் தூண்களின் பரப்பைக் கழித்துவிடுங்கள். ஒன்பதடி அறையில் ஓரடித் தூண் நின்றால் அலுமாரி வைக்க முடியாமல் போகும்.

படி 3: உண்மை விலையைக் கண்டுபிடியுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. முதல் வீடு 1,000 சதுர அடி, சதுர அடி 25,000 ரூபாய். மொத்தம் 2 கோடி 50 இலட்சம். இரண்டாவது 900 சதுர அடி, 27,000 ரூபாய். மொத்தம் 2 கோடி 43 இலட்சம். சதுர அடி விலையைக் கேட்டவுடன் முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். உள்ளே அளந்தால் முதலாவது 720, இரண்டாவது 760. மொத்த விலையை உள்பரப்பால் வகுத்தால் முதலாவது ஏறத்தாழ 34,700 ரூபாய், இரண்டாவது 32,000 ரூபாய். குறைந்த காசுக்கு 40 சதுர அடி கூடுதலாகக் கிடைப்பது இரண்டாவதில்தான். இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் எந்த இரண்டு வீடுகளையும் ஒப்பிடாதீர்கள்.

படி 4: பொது இடத்தை நடந்து பாருங்கள்

பொது இடம் எல்லாம் வீண் செலவு என்று நினைப்பதும் தவறு. நோயாளியைத் தூக்குக்கட்டிலில் வைத்துத் திருப்பி இறக்கக்கூடிய அகலமான படிக்கட்டுக்குக் கொடுக்கும் காசு நியாயமானது. நுவரெலியாக் குளிரிலும் மூடுபனியிலும் துணி காயவைக்கக் கூரை போட்ட இடம் இருந்தால் அதுவும் அப்படியே. பளிங்கு பதித்த வரவேற்புக் கூடத்துக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்கமாட்டேன்.

மலைச்சரிவில் இன்னொன்றும் உண்டு. மண்ணைத் தாங்கும் சுவரும் மழைநீர் வடிகாலும் சதுர அடிக் கணக்கில் வராமல் இருக்கலாம்; ஆனால் பராமரிப்புச் செலவு எல்லோர் தலையிலும் விழும். மழை பெய்த மறுநாள் போங்கள். தாங்கு சுவரில் நீர் வெளியேற விட்ட துளைகள் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா, வெடிப்போ வீக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசரம் புரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு தொடர்பான அனுமதியையும் கேளுங்கள்.

படி 5: பத்திரங்கள்

தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவான கூட்டாதன வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் வீட்டின் எல்லையும் பரப்பும், பொதுப் பகுதிகளும் அதில் இருக்கும். நீங்கள் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். வாகனத் தரிப்பிடம் வீட்டோடு சேர்ந்ததா, பொதுவானதா என்பதை உங்கள் சட்டத்தரணி வரைபடத்திலேயே காட்டட்டும். தரகரின் வாய்ச்சொல் போதாது.

படி 6: மாதக் கட்டணம்

வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கடந்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். மின்தூக்கி, நீர்ப்பம்பி, காவலாளி ஆகிய செலவுகள் போக, சுவர் திருத்தவும் கூரை மாற்றவும் சேமிப்பு நிதி இருக்கிறதா என்று பாருங்கள். மாதக் கட்டணத்தை வங்கிக் கடனின் மாதத் தவணையோடு சேர்த்து உங்கள் மாத வருமானத்துக்குள் அடங்குகிறதா என்று கணக்குப் போட்ட பிறகே முற்பணம் கொடுங்கள்.