யுஆர்ட்டில் பைட் தொலைந்தது ஏன்?

115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் யுஆர்ட் (தரவைப் பிட் பிட்டாக அனுப்பிப் பெறும் சீரியல் இணைப்பு) வழியே வரும் தரவில் அவ்வப்போது ஒரு பைட் காணாமல் போனது. அந்த வேகத்தில் ஒரு பைட்டுக்குச் சுமார் 87 மைக்ரோ செகண்ட்தான். டைமர் இன்டரப்ட்டோ (நடக்கும் வேலையை இடைநிறுத்தி டைமருக்காக ஓடும் நிரல்) அதைவிட நீளமாக ஓடியது. ஓவர்ரன் ஃபிளாக் (முந்தைய பைட்டை எடுக்கும் முன்பே அடுத்தது வந்துவிட்டது என்ற அடையாளம்) எழுந்திருந்ததைப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது.

கார்டெக்ஸ் எம்0 என்ற சிறிய பிராசசரில் ரீசெட் ஆனதும் எல்லாப் பெரிஃபெரல் (டைமர், யுஆர்ட் போன்ற துணைப் பகுதி) இன்டரப்ட்டுக்கும் முன்னுரிமை 0. சம நிலையில் உள்ளவை ஒன்றையொன்று குறுக்கிடாது. ஓடுவது முடியும்வரை மற்றது காத்திருக்கும். இருப்பது 4 நிலைகள்தான், 0 முதல் 3 வரை. எண் சிறியதென்றால் முன்னுரிமை பெரிது, பலர் தடுமாறும் இடம் இது.

யுஆர்ட்டை 0-விலேயே விட்டு, டைமரை 2-க்கு இறக்கினேன். இப்போது டைமர் பாதியில் இருந்தாலும் யுஆர்ட் உள்ளே புகுந்து பைட்டை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் தொடும் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) இருந்தால் மட்டும், டைமர் அதைப் படிக்கும் அந்தச் சில வரிகளுக்கு இன்டரப்ட்டை நிறுத்தி வையுங்கள்.