மின்னஞ்சல் "போய்விட்டது" என்று நம்பிவிடாதீர்கள்

"விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்" என்கிறார் ஒருவர். "வரவே இல்லை" என்கிறது அலுவலகம். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். நாம் அனுப்பும் கடிதம் முதலில் நம் சேவை நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. முகவரியில் @ குறிக்குப் பின் உள்ள டொமைனுக்குக் கடிதம் வாங்கும் சர்வர் எது என்று அது டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் உள்ள எம்எக்ஸ் பதிவைப் பார்த்து அறிந்து, அங்கே ஒப்படைக்கிறது. 'அனுப்பியவை' பெட்டியில் கடிதம் தெரிந்தால் முதல் கட்டம் முடிந்தது, அவ்வளவுதான்.

மறுமுனை சர்வர் 4-இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் தற்காலிகச் சிக்கல். நம் சர்வர் சில நாட்கள் வரை விட்டுவிட்டு முயலும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. 550 என்றால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை. இதைத் தெரிவிக்க 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் வரும் கடிதத்தைக் குப்பை என்று படிக்காமலே அழிக்கிறார்கள். தயவுசெய்து படியுங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. கெடு முடியும் கடைசி மணி நேரத்தில் அனுப்புவதையும் தவிருங்கள். பெரிய கோப்புகளை இணைக்கும்போதும் கவனம் தேவை. இணைப்புக் கோப்புகள் எழுத்துக் குறிகளாக மாற்றப்பட்டே பயணிப்பதால் அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்: 15 எம்பி கோப்பு ஏறத்தாழ 20 எம்பி ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது, அனுப்புநர் பெயரை அப்படியே நம்புவது. சர்வர்கள் கடிதங்களைக் கைமாற்றும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது அனுப்புபவரைச் சரிபார்க்கும் வழி அதில் இல்லை. நம் கண்ணில் படும் அனுப்புநர் வரி கடிதத்துக்குள் எழுதியது. சர்வர்கள் தமக்குள் பரிமாறுவது உறை மேல் உள்ள முகவரியை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இந்த ஓட்டையை அடைக்கவே எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (கடிதத்தில் டொமைன் இடும் மின் கையொப்பம்), டிமார்க் (இவை அனுப்புநர் வரியோடு பொருந்துகின்றனவா என்ற சோதனை) ஆகியவை பின்னால் வந்தன. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, கடிதத்தின் மூன்று புள்ளி மெனுவில் மூலச் செய்தியைப் பாருங்கள். இம்மூன்றின் முடிவும் மேலேயே இருக்கும். மூன்றும் தேறியிருந்தாலும் டொமைன் மெய் என்றுதான் பொருள், ஆள் நல்லவர் என்றல்ல. ஓரெழுத்து மாற்றிப் பதிவு செய்த போலி டொமைனும் தேறிவிடும். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று கடிதம் வந்தால், அதில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பில் அனுப்பப் புதிய மென்பொருள் வாங்கியதும், அது சொல்கிறபடி இரண்டாவதாக ஓர் எஸ்பிஎஃப் பதிவைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே பதிவுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் சோதனையே பிழையில் முடியும், பில்கள் ஸ்பாமுக்குப் போகலாம். பழைய பதிவிலேயே புதியதையும் சேர்த்து எழுத வேண்டும். சேவை நிறுவனத்தை மாற்றும்போது பழைய பெட்டியை அன்றே மூடுவதும் தவறு. பழைய எம்எக்ஸ் விவரம் பல சர்வர்களின் நினைவில் சில காலம் தங்கியிருக்கும். அதுவரை கடிதங்கள் அங்கேயும் வந்துகொண்டிருக்கும்.