குவாகா மட்டியில் நுண்ணுயிர் தேடப் போகிறவர்களுக்கு

மட்டியைப் பிடித்து, அரைத்து, டி.என்.ஏ. எடுத்து வரிசை படிக்க அனுப்பினால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தோடு வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கு வரும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு மட்டியை அரைத்துப் பெறும் பாக்டீரியாப் பட்டியலால் பெரிய பயன் கிடையாது. ஓட்டின் மேல் படலம், செவுள், குடல், வெளியே தள்ளிய சளி, அடியில் சேரும் வண்டல் என்று இடத்துக்கு இடம் குடியிருக்கும் கூட்டம் வேறு. ஒருமுறை கலந்துவிட்டால் எந்தக் கணினியாலும் அதைப் பிரிக்க முடியாது.

முதலில் எந்த மட்டி என்று பாருங்கள். 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் தென்பட்ட வரிக்குதிரை மட்டியும், அடுத்த ஆண்டு ஈரி ஏரியில் கிடைத்த குவாகாவும் கருங்கடல் பக்கத்துப் பிறவிகள். கப்பல்கள் சாயாமலிருக்க அடியில் நிரப்பும் நிலைப்பு நீரோடு வந்தவை. மேசைமேல் நிமிர்த்தி வைத்தால் வரிக்குதிரை மட்டி நிற்கும், அதன் அடிப்பக்கம் தட்டை. குவாகா சாய்ந்து விழும். மிச்சிகன் ஏரியில் இன்று கைக்கு வருவது பெரும்பாலும் குவாகாதான். சேகரிப்பதற்கான அனுமதிக் கடிதத்தை வாங்காமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

களத்தில் வரிசை முக்கியம்: நீர் முதலில், வண்டல் அடுத்து, மட்டி கடைசியில். மட்டிக் கூட்டத்தைத் தொட்ட மறுநொடி சேறு கலங்கிவிடும், அதன்பின் எடுக்கும் நீருக்கு மதிப்பில்லை. மட்டிகளுக்கு ஒரு விரல் உயரத்தில் பெரிய ஊசிக்குழாயால் மெதுவாக நீரை இழுங்கள். ஒப்பிடுவதற்கு மட்டியே இல்லாத மணல்தரைமேலும் அதே உயரத்தில் எடுங்கள். ஒரு வளர்ந்த மட்டி நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர் நீரை வடிகட்டும், அம்மோனியாவைக் கழிக்கும். அந்த அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாக்களைத் தேடுகிறீர்கள் என்றால் இந்த மெல்லிய அடுக்கில்தான் தேட வேண்டும். நீரை 3 மைக்ரான் வடிதாளிலும் பிறகு 0.22 மைக்ரானிலும் செலுத்துங்கள்; துகளில் ஒட்டியவை முதலாவதிலும் தனித்து மிதப்பவை இரண்டாவதிலும் தங்கும்.

மட்டியைப் பிடுங்காதீர்கள். பாறையைப் பற்றியிருக்கும் நார்களைக் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் நார் முளைக்கும் சதையும் கிழிந்து வரும், உடல்நீர் கசியும். உயிருள்ளவற்றோடு பக்கத்திலுள்ள வெற்று ஓடுகளையும், மட்டி ஒட்டாத கல் ஒன்றையும் மறக்காமல் எடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஓடு என்ற கரடுமுரடான பரப்புக்காக வந்த பாக்டீரியா எது, உள்ளே உயிரோடிருக்கும் மட்டிக்காக வந்தது எது என்பதை வெற்று ஓடு இல்லாமல் சொல்லவே முடியாது.

ஆய்வகத்தில் பாதி மட்டிகளை உடனே அறுங்கள். மீதியை 0.22 மைக்ரானில் வடித்த ஏரிநீரில், ஏரியின் வெப்பநிலையிலேயே, மட்டிக்கொரு கண்ணாடிக் குவளையில் ஒரு நாள் விடுங்கள். இரை இல்லாமல் குடல் காலியானபின் எஞ்சுபவை குடியிருப்போர். உடனே அறுத்தவற்றில் மட்டும் இருப்பவை பெரும்பாலும் சாப்பாட்டோடு வந்து போனவை. குவளையின் அடியைக் கவனியுங்கள். இறுகத் திரித்த மெல்லிய இழை மலம். அதோடு தளர்ந்த, பஞ்சுபோன்ற சளியும் கிடந்தால் அது வாய்க்குள் போகாமல் திருப்பி அனுப்பப்பட்டது. வடித்த நீரில் அரிது, ஏரிநீரை அப்படியே ஊற்றினால் நிறையச் சேரும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சு நீலப்பசும் பாசித் திரள்களை மட்டி இப்படித்தான் உயிரோடு வெளியே தள்ளிவிட்டு, அதற்குப் போட்டியான பாசிகளை விழுங்குகிறது. மலம், சளி இரண்டையும் தனித்தனிக் குழாயில் சேருங்கள்.

அறுக்கும்போது ஓட்டை முதலில் தேய்த்துப் படலத்தை எடுத்துவிட்டு, பிறகு மூடுதசையை வெட்டித் திறந்து, செவுள், கடைசியில் குடல் என்று போங்கள். குடலைத் தொட்ட இடுக்கியோடு செவுளுக்குத் திரும்பக் கூடாது. ஆல்கஹாலில் துடைத்தால் போதும் என்பது பரவலான தவறான நம்பிக்கை: ஆல்கஹால் பாக்டீரியாவைக் கொல்லும், அதன் டி.என்.ஏ.வை அழிக்காது. பத்து சதவீத ப்ளீச்சில் முக்கி, சுத்த நீரில் அலசுங்கள். எடுத்ததை உடனே மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கு அனுப்புங்கள்.

எதுவும் போடாத வெற்றுக் குழாய் ஒன்றும், சுத்த நீரை வடித்த தாள் ஒன்றும் எல்லாப் படிகளையும் கடக்கட்டும். பிரித்தெடுக்கும் ரசாயனங்களிலேயே பாக்டீரியா டி.என்.ஏ. இருக்கும், செவுள்போன்ற சதையில் பாக்டீரியா குறைவு, அதனால் அந்த அழுக்கு பெரிதாகத் தெரியும். பாக்டீரியாவை இனங்காண உதவும் 16எஸ் மரபணுவின் முடிவு வந்ததும் பாசிகளின் பசுங்கணிக வரிசைகளைப் பிரித்து வையுங்கள். அவை நீலப்பசும் பாக்டீரியாபோல நடிக்கும். தூக்கி எறிய வேண்டாம். மட்டி என்ன தின்றது என்று அவை சொல்லும்.

கரையில் ஒதுங்கி அழுகும் கிளடோஃபோரா பாசியில் வேலை செய்தால் கையுறை கட்டாயம். மட்டிகள் நீரைத் தெளிவாக்குவதால் வெளிச்சம் ஆழம்வரை போய் அந்தப் பாசி பெருகுகிறது. அது அழுகுமிடத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, தசைகளை முடக்கும் பொட்டுலிச நஞ்சைச் (E வகை) சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வளர்கிறது. மிச்சிகன் ஏரியின் ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுக் கரைகளில் லூன் பறவைகள் செத்து ஒதுங்கியதற்கு அந்த நஞ்சுதான் காரணம்.

வேலை முடிந்ததும் குவளை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத மட்டிக் குஞ்சுகள் அதில் இருக்கலாம். ப்ளீச் கலந்து ஊறவிட்டுப் பிறகு கொட்டுங்கள். மிஞ்சிய மட்டிகளை உறையவைத்துக் குப்பையில் போடுங்கள். காலணி, வலை, கயிறு எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.